செங்கோட்டைப் பக்கம் 1,200 சதுர அடியில் வீடு கட்ட 30 லட்சம் போதுமா?

கையில் 12 லட்சம், வங்கிக் கடன் 18 லட்சம், ஒப்பந்தக்காரர் சொன்ன விலை சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதன்படி கட்டடத்துக்கு 26.4 லட்சம் போக 3.6 லட்சம் மிஞ்சுவதாகத் தெரியும். அந்த மிச்சத்தை நம்பி அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வேண்டாம் என்பதே என் பதில். தென்காசி மாவட்டத்தின் இதே செங்கோட்டையில் வீடு கட்டிக் குடியிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சதுர அடி ரேட்டில் அடங்காதவற்றை முதலில் எழுதுங்கள். போர் (ஆழ்துளைக் கிணறு), சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கேட், மின் இணைப்பு, வரைபட அனுமதிக் கட்டணம், மொட்டை மாடிக்குத் தட்டோடு, சமையலறை அலமாரி ஆகியவை பெரும்பாலும் அந்த ரேட்டுக்கு வெளியேதான் நிற்கும். போர்டிகோவும் மாடிப்படிக்கு மேலே வரும் சிறு அறையான ஹெட்ரூமும் முழுப் பரப்பாகக் கணக்கிடப்படுமா, பேஸ்மென்ட் (வீட்டின் அடிமட்ட மேடை) தரையிலிருந்து எத்தனை அடி உயரம், அதற்கு மேல் ஏற்றினால் அடிக்கு எவ்வளவு கூடுதல் என்பதையெல்லாம் ஒப்பந்தத் தாளில் எழுத்தாகவே வாங்குங்கள். நம் பகுதியில் வயலாக இருந்து மனையான இடங்கள் ஏராளம். உங்கள் மனையும் அப்படியானால், ரேட் பேசும் முன்பே ஒரு குழி தோண்டி மண்ணைப் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள். களிமண்ணில் அஸ்திவார ஆழமும் கிராவல் நிரப்பும் செலவும் ஒப்பந்தம் போட்ட பிறகு தெரியவந்தால், பேரம் பேசும் இடத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

இவற்றுக்கு 3.6 லட்சம் போதாது. ஆகவே வீட்டை 1,000 சதுர அடியாகச் சுருக்குங்கள். கட்டடம் 22 லட்சத்தில் முடியும், 8 லட்சம் மற்றவற்றுக்கு நிற்கும். மாடிக்குப் பின்னாளில் இடம் இருக்கும்படி அஸ்திவாரத்தையும் தூண்களையும் இப்போதே பலமாகப் போட்டுக்கொள்ளலாம். தளத்தின் தரத்தையோ கம்பியின் கனத்தையோ குறைத்துப் பரப்பைக் காப்பாற்றுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

கூலியும் பொருளும் இங்கே மலைக்கு அந்தப் பக்கமுள்ள கேரளத்தைப் பார்த்தே நகர்கின்றன. கட்டுமானத் தினக்கூலி நாட்டிலேயே உயர்வாக உள்ள மாநிலங்களில் கேரளம் முன்னிற்பதால், நம்மூர்க் கொத்தனார் புனலூரில் கிடைக்கும் கூலியை மனத்தில் வைத்துத்தான் பேசுவார். எம்-சாண்டும் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) ஜல்லியும் எல்லையிலுள்ள புளியரை வழியாக நாள்தோறும் லாரிகளில் அந்தப் பக்கம் போகின்றன. பொருளை நீங்களே வாங்குவதானால், யூனிட் என்றால் 100 கன அடி என்பதை நினைவில் வைத்து, லாரி வந்ததும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்: 14 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 294 கன அடி, அதாவது மூன்று யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. சிமெண்ட்டின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துள்ளதால், அதற்கு முந்தைய மதிப்பீட்டுத் தாள் கையில் இருந்தால் திருத்தி வாங்குங்கள்.

வங்கி 18 லட்சத்தையும் ஒரே நாளில் தராது. உங்கள் பங்கை முதலில் செலவழிக்கச் சொல்லிவிட்டு, பேஸ்மென்ட், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), ரூஃப், பூச்சு என வேலை முடிய முடியப் பார்வையிட்டுத் தவணையாக விடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பணம் வருமுன் வேலை நடந்தாக வேண்டும் என்பதால், 12 லட்சத்தில் ஒரு பகுதியை இறுதி வரை தொடாமல் வைத்திருப்பது அவசியம். வாடகையும், விடுவித்த தொகைக்கான வட்டியும் அந்த மாதங்களில் சேர்ந்தே ஓடும். அதையும் திட்டச் செலவில் எழுதுங்கள்.

அனுமதியைப் பொறுத்தவரை, மனை 2,500 சதுர அடிக்கும் கட்டடம் 3,500 சதுர அடிக்கும் மேற்படாத வீடுகளுக்குத் தமிழ்நாட்டில் 2024 முதல் உரிமையாளரே விதிப்படி கட்டுவதாகச் சான்றளித்து அனுமதி பெறும் சுயசான்று முறை இருக்கிறது; உங்கள் மனைக்கு அது பொருந்துமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலத்தைத் தேர்வதில்தான் செங்கோட்டைக்காரர் மற்ற ஊர்க்காரரைவிடக் கவனமாக இருக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரியங்காவு கணவாய்க் காற்றோடு சாரல், அதன் பின் ஐப்பசி மழை. தையில் தொடங்கி, மே முடிவதற்குள் ரூஃப் கான்கிரீட்டை முடித்துவிட்டால், சாரல் மாதங்களை உள்வேலைக்கு ஒதுக்கலாம். கோடையில் போட்ட தளத்துக்குப் பத்து நாளாவது தண்ணீர் கட்டி நிறுத்துங்கள். சாரல் நேராக விழாது, மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். எங்கள் வீட்டு மேற்கு ஜன்னல்களுக்குச் சன்ஷேடை 2 அடி நீட்டி, அடியில் தண்ணீர் சொட்டுவதற்கு வெட்டுக் கோடும் விட்டோம். உள்சுவரில் ஈரம் இறங்கவில்லை. வெளிப் பெயிண்டை மழை முழுவதும் ஓய்ந்த பிறகு அடிப்பதே நல்லது. பால்காய்ப்பு முடிந்துவிட்டதே என்று முழுத் தொகையையும் கொடுத்துவிடாமல், ஒப்பந்தத் தொகையில் 5 சதவீதத்தை அடுத்த சாரல் பருவம் கடக்கும் வரை நிறுத்தி வைப்பதாக முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.