தடைக்காலத்தில்தான் ஜாக்கிரதை

கேள்வி: எங்கள் ஊர் பாம்பன். பேஸ்கட்பால் டீமை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை சனி, ஞாயிறு சாயங்காலம் லீக் மேட்ச் நடக்கும். டீமில் மூன்று பேர் மூத்தவர்கள். சென்டர் ஆடும் அண்ணனுக்கு வயது 41, விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். இன்னொருவர் 38, பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். மூன்றாமவர் 36, கடை வைத்திருக்கிறார், நோன்பு பிடிப்பவர். போன வருஷம் மே மாதம், செமி ஃபைனலுக்கு முந்தின வாரம் சென்டர் அண்ணனுக்குக் கெண்டைக்கால் சதை கிழிந்து உட்கார்ந்துவிட்டார். அமெரிக்காவின் பெரிய பேஸ்கட்பால் லீக்கான என்.பி.ஏ.வில் மூத்தவர்களை நடுநடுவே உட்கார வைக்கிறார்களே, நாங்களும் அப்படிச் செய்யலாமா? எந்த மேட்ச்சில் உட்கார வைப்பது? வாயைத் திறந்தாலே அண்ணன்மார் கோபித்துக்கொள்கிறார்கள்.

பதில்: உங்கள் கேள்வியில் ‘மே மாதம்’ என்று வருகிற இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் என்.பி.ஏ. அங்கே ஒரு டீமுக்கு ஒரு சீசனில் 82 மேட்ச், அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. ஒவ்வொன்றும் 48 நிமிடம். அடுத்தடுத்த நாளில் இரண்டு ஊரில் ஆடுவது சாதாரணம். மூத்தவர்களை உட்கார வைக்கும் பழக்கத்துக்குப் பேர்போனவர் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் டீமின் கோச்சாக இருந்த கிரெக் போபோவிச். 2012 மார்ச்சில் தன் டீமின் நட்சத்திரம் டிம் டங்கனை ஒரு மேட்ச்சில் இறக்கவில்லை. ஆட்டக் குறிப்பில் அவர் ஆடாததற்குக் காரணம் ‘வயசாகிவிட்டது’ என்றே போட்டார்கள். அதே வருஷம் நவம்பர் 29, மயாமியில் மேட்ச். ஐந்து இரவில் நான்காவது ஆட்டம். போபோவிச் தன் முக்கிய ஆட்டக்காரர்கள் டங்கன், பார்க்கர், ஜினோபிலி, டேனி கிரீன் நான்கு பேரையும் மேட்ச்சுக்கு முன்பே ஊருக்கு அனுப்பிவிட்டார். டி.வி.யில் தேசம் முழுக்கப் பார்க்கும் மேட்ச் என்பதால் லீக் கோபப்பட்டு டீமுக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. மீதி ஆட்களை வைத்துக்கொண்டு ஸ்பர்ஸ் தோற்றது ஐந்தே புள்ளியில், 105-100. 2013-14 சீசனில் அந்த டீமில் யாருமே சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. கோப்பை அவர்களுக்குத்தான். டங்கனுக்கு அப்போது 38.

இதைக் கேட்டதும் ‘அப்ப நாமும் உட்கார வைத்துவிடலாம்’ என்று தோன்றும். ஆனால் மைக்கேல் ஜோர்டான் 2002-03-ல், 40 வயதைத் தொட்ட சீசனில், 82 மேட்ச்சும் ஆடினார். அதே சீசனில் அவரைவிட மூத்த ஜான் ஸ்டாக்டனும் 82 ஆடினார். அதோடு, 2024 ஜனவரியில் லீக்கே ஓர் ஆய்வை வெளியிட்டது: ஓய்வுக்காக மேட்ச்சைத் தவிர்த்தவர்களுக்கு அதே சீசனில் அப்புறம் காயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்றது. லீக்குக்கு டிக்கெட்டும் டி.வி.யும் முக்கியம், அந்தச் சந்தேகத்தோடுதான் அதைப் படிக்க வேண்டும். ஆனாலும் விஷயம் இல்லாமல் இல்லை. ஒரு மேட்ச் உட்கார்ந்தால் காயம் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. வயதானவர் உடம்பு சோர்விலிருந்து மீள அதிக நேரம் எடுக்கும் என்பது மட்டும் அந்த லீக்குக்கே தெரியும். நட்சத்திர ஆட்டக்காரர்களை உட்கார வைக்கக் கூடாது என்று 2023-ல் கெடுபிடி கொண்டுவந்தபோதும், 35 வயது நிறைந்தவர்களுக்கு அடுத்தடுத்த நாள் மேட்ச்சில் ஒன்றை விட முன்கூட்டியே அனுமதி கேட்க வழி வைத்தது.

சரி, இப்போது பாம்பனுக்கு வருவோம்.

உங்கள் சென்டரின் வாரத்தைப் பாருங்கள். நம் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மறுநாள் காலை கரைக்கு வரும். ஆக பிப்ரவரி முதல் ஏப்ரல் 14 வரை அவருக்குச் சனிக்கிழமை மேட்ச்சே கிடையாது. ஞாயிறு மட்டும், அதுவும் இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு, ஐஸ் பெட்டி தூக்கிவிட்டு, தூங்காத கண்ணோடு. பயிற்சிக்கு வாரத்தில் ஒரு நாள் வந்தால் அதிகம். ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் 61 நாள் ஆள் ஊரில். நீங்களும் சந்தோஷப்பட்டிருப்பீர்கள்: சனி மேட்ச், ஞாயிறு மேட்ச், மற்ற நாள் சாயங்காலம் பயிற்சி. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் குதித்துக்கொண்டிருந்த கால் திடீரென்று எட்டு, ஒன்பது மணி நேரம் குதிக்கிறது. நான்கு மடங்கு! மூச்சு இரண்டு வாரத்தில் பழகிவிடும். சதையும், அதைவிட மெதுவாகப் பழகும் குதிகால் நரம்பும் (எலும்போடு சதையைக் கட்டும் நாணைத்தான் சொல்கிறேன்) அப்படி இல்லை. ‘இப்போதான் தெம்பு வந்திருக்கு’ என்று ஆள் நினைக்கும் நேரத்தில்தான் அது பிடித்துக்கொள்கிறது. மே மாதம் கெண்டைக்கால் போனது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

கடலுக்குப் போகும் நாட்களில் அவரை அதிகமாகவும் தடைக்காலத்தில் குறைவாகவும் கவனித்துக்கொண்டிருந்தீர்கள் என்றால், அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

மார்ச்சில் ஞாயிறு மேட்ச்: காலையில் கரை சேர்ந்ததும் வீட்டுக்குப் போய் நான்கைந்து மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும். தூங்கியிருந்தால் 40 நிமிட மேட்ச்சில் 15 நிமிடம் இறக்குங்கள், ஒரு தடவைக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தூங்கவில்லை என்றால் யூனிஃபார்ம் போட்டு பெஞ்சில் இருக்கட்டும், இறக்காதீர்கள். தடைக்காலத்தின் முதல் இரண்டு சனிக்கிழமையும் அவருக்கு மேட்ச் கிடையாது, ஆள் சும்மா இருந்தாலும் கிடையாது. அந்த இரண்டு வாரம் பயிற்சி இரண்டு நாள் போதும், அதில் ஒரு நாள் ஃப்ரீ த்ரோவும் பாஸும் மட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு நாள் கூட்டுங்கள். தடைக்காலத்திலும் அவர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. படகைக் கரையேற்றி பழுது பார்ப்பது, வலை பின்னுவது, வருமானம் இல்லாததால் கூலி வேலை என்று ஏதாவது இருக்கும். அதையும் கேட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்கு மெஷின் எதுவும் வேண்டாம். ஆடி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, ‘இன்னிக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு, பத்துக்கு எத்தனை?’ என்று கேளுங்கள். ஏழு என்கிறார், மொத்தம் 60 நிமிடம் ஓடினார் என்றால் 420. வாரக் கூட்டலை நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரத்திலிருந்து அடுத்த வாரத்துக்கு எண் இரண்டு மடங்காகிறது என்றால் அங்கே ஒரு மேட்ச்சை வெட்டுங்கள். எந்த மேட்ச் என்று கேட்டீர்களே, அதை எதிர் டீமைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்த நோட்டைப் பாருங்கள். வெட்டுவதிலும் முதலில் பயிற்சி, அப்புறம்தான் மேட்ச். மூத்தவருக்கு ரீபவுண்டு (கூடையில் பட்டுத் திரும்பும் பந்து) எப்படி எடுப்பது என்று தினமும் குதிக்க வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

வாத்தியார் நாள் முழுக்க வெயிலில் பிள்ளைகளோடு நிற்கிறவர். அவருக்குச் சனி முழு ஆட்டம் என்றால் ஞாயிறு பாதி போதும். கடைக்காரருக்கு வயது பிரச்சினை இல்லை. நோன்பு மாதத்தில் சாயங்கால மேட்ச்சில் மட்டும் வேண்டாம், நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்து இரவில் தனியாகப் பயிற்சி செய்யட்டும்.

உட்கார வைப்பது என்றால் பாயைப் போட்டுப் படுப்பது ஆகாது. ஒரு வாரம் முழுசாக விட்டுவிட்டுத் திரும்பி வருவதே ஒரு திடீர் சுமைதான். மேட்ச் இல்லாத நாளில் சுவரில் முதுகை ஒட்டி நாற்காலி போல 45 விநாடி உட்காரட்டும், ஐந்து தடவை. குதிகாலை மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கட்டும், பதினைந்து பதினைந்தாக மூன்று சுற்று. கடற்கரை மணலில் ஓடினால் மூட்டுக்கு நல்லது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. முழங்காலுக்குச் சரி, ஆனால் காய்ந்த மணலில் குதிகால் புதைந்து புதைந்து எழும்போது கெண்டைக்கால்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். சதை கிழிந்து ஆறியவருக்கு அது வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் இந்த மாதங்களில் வடகடல் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் இருபது நிமிடம் நடக்கலாம். காலைத் தேய்த்துத் தேய்த்து நடங்கள், திருக்கை மேல் மிதித்துவிட்டால் ஓய்வு நாம் போட்ட கணக்கில் நிற்காது.

கடற்காற்று அடிப்பதால் வியர்வை உலர்கிறது என்று நினைக்காதீர்கள். நம் ஈரக்காற்றில் வியர்வை ஓடும், உடம்பு குளிராது. மேட்ச்சுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ நல்லது. பதநீர் மேட்ச் முடிந்த பிறகு குடிக்கட்டும், சர்க்கரை நோய் இருந்தால் அதுவும் வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கும் பழக்கம் இருந்தால் இந்த வருஷமே நிறுத்துங்கள். தண்ணீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலியையும் மறைத்துவிடும், நமக்கு வேண்டிய ஒரே தகவல் அதுதான்.

அந்தத் தகவலைத் தினமும் காலையில் வாங்க வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் பத்து அடியில் குதிகாலோ முழங்காலோ எப்படி இருக்கிறது, பத்துக்கு எத்தனை? மூன்று வரை இருந்து நேற்றைவிடக் கூடாமல் இருந்தால் ஆடலாம். மேட்ச்சுக்கு மறுநாள் கூடியிருந்தால் அடுத்த மேட்ச் பாதிதான். பின்னங்காலில் யாரோ உதைத்தது போல ‘டப்’பென்று சத்தம் வந்தாலோ, முழங்கால் ராத்திரிக்குள் வீங்கினாலோ எலும்பு டாக்டரிடம் அன்றைக்கே போகவும். நெஞ்சு இறுக்கம், குளிர்ந்த வியர்வை என்றால் 108. மூன்று பேரும் சீசனுக்கு முன்பே பிரஷர், சுகர், ஈ.சி.ஜி. பார்த்துவிடுவது நல்லது.

மிச்சம் இருப்பது கோபம். நானே ஒரு தடவை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பல வருஷம் முன்பு, நான் பார்த்துக்கொண்டிருந்த டீமில் ஒரு மூத்த ஆட்டக்காரரை, ஷூ கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது, பையன்கள் எதிரில், ‘அண்ணே, இன்னிக்கு ரெஸ்ட் எடுங்க’ என்றேன். ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அந்த சீசன் திரும்ப வரவில்லை. மருத்துவமாக நான் சொன்னது சரி. சொன்ன இடமும் நேரமும் தப்பு.

ஆகவே மேட்ச் நாளில் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப் குரூப்பில் போடவே போடாதீர்கள். சீசன் தொடங்கும் முன் நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். காலண்டரை விரித்து, எந்தெந்த சனிக்கிழமை விடுவது என்று அவர் கையாலேயே சுழிக்கச் சொல்லுங்கள். ‘மே கடைசியில் நாலாவது குவார்ட்டர் உங்களுக்குத்தான் அண்ணே, அதுக்குத்தான் இப்போ சேர்த்து வைக்கிறோம்’ என்று சொல்லுங்கள். போன வருஷம் அந்த செமி ஃபைனலை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். நீங்கள் விளக்க வேண்டியது அதிகம் இருக்காது.