மிஸியிடம் கேளுங்கள்: கொதிக்கவைத்தாலும் போகாதது

இந்த முறை மூன்று கடிதங்கள். மூன்றிலும் நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது. எழுதியவர்களுக்கு அது தெரியாது. மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தபோதுதான் எனக்கே பட்டது.

கேள்வி: எனக்கு 22 வயது, முதல் பிள்ளை. இரண்டரை மாதம். பால் போதாது என்று மாமி சொன்னதால் பால்மாவும் கரைத்துக் கொடுக்கிறேன். எங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் வெங்காயத் தோட்டம். தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்துத்தான் பாவிக்கிறேன். வீட்டுக்கு வந்த மிட்வைப் மிஸ் அந்தத் தண்ணீரே வேண்டாம் என்கிறார். கொதித்தாறிய தண்ணீரில் என்ன பிழை? (நிலாவெளி வாசகி)

பதில்: மகள், முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "கொதிக்கவையுங்கோ, இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்" என்று சைக்கிளில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தவள் நான். கிருமிக்கு அது சரி. வெங்காயத்துக்குப் போட்ட யூரியாவுக்கு அது சரிவராது.

பயிர் எடுத்தது போக மிஞ்சும் பசளை மண்ணில் நைத்திரேற்றாக மாறும். உப்புக் கரைவதுபோலத் தண்ணீரில் கரையும். எங்கள் கரையோர மணல் எதைப் பிடித்து வைக்கும்? மாரி மழை பெய்ததும் நேரே கிணற்றுக்குள் இறங்கிவிடும். மலசலகூடக் குழி கிட்ட இருந்தாலும் இதே கதைதான். நிறமில்லை, மணமில்லை, நாக்குக்கும் பிடிபடாது. கொதிக்கும்போது ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். ஒரு லீற்றரில் 45 மில்லிகிராம் இருந்தது என்று வையுங்கள். தண்ணீர் வற்றி முக்கால் லீற்றராகும்போது லீற்றருக்கு 60 என்ற கணக்கு. உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணீருக்குச் சொல்லும் எல்லை 50.

அதே கிணற்றில் அள்ளிக் குடித்துவிட்டு நீங்களும் மாமியும் சும்மா இருப்பீர்கள். பச்சைப்பிள்ளையின் வயிற்றில் அமிலம் குறைவு. அதனால் அங்கே குடியிருக்கும் பக்டீரியாக்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக்கும். அது இரத்தத்துக்குள் போய் ஈமோகுளோபினில் இருக்கும் இரும்பை மாற்றிவிடும். மாறிய இரும்பு ஒட்சிசனைச் சுமக்காது. அதைத் திருத்தும் நொதியம் பெரியவர்களிடம் இருப்பதில் பாதியளவுதான் இந்த வயதுப் பிள்ளையிடம் இருக்கும். உதடும் நகமும் நீலம் பாய்ந்து, சாம்பல் பூத்ததுபோல் ஆகும். இரத்தம் எடுத்தால் சொக்லேட் நிறம். 1945 இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹன்டர் கொம்லி என்ற வைத்தியர், கிணற்றுத் தண்ணீரில் பால் கரைத்துக் குடித்த பிள்ளைகளில் இதைக் கண்டு எழுதினார்.

அப்படி நிறம் மாறினால் வேப்பிலை, திருநீறு என்று நேரம் போக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மருந்தின் பெயர் மெதிலீன் நீலம். நீலம் பிடித்த பிள்ளைக்கு நீல மருந்தா என்று முதல்முறை கேட்டபோது நான் நம்பவில்லை.

இப்போதைக்கு, கந்தளாய்க் குளத்துக் குழாய்த் தண்ணீர் வரும் வீட்டில் ஒரு கான் பிடித்து வந்து, அதைக் கொதிக்கவைத்துப் பாவியுங்கள். கிருமிக்காகத் தளதளவென்று ஒரு கொதி வந்தால் போதும், வற்றவிட வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. ஐயாவிடம் சொல்லிக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதியுங்கள். கடையில் விற்கும் சாதாரண வடிகட்டி இதைப் பிடிக்காது; ஆர்.ஓ. இயந்திரம் பிடிக்கும்.

சரி, உண்மையான கேள்விக்கு வருவோம். பால் போதாது என்று எதை வைத்துச் சொன்னார்கள்? பிள்ளை அழுததை வைத்தா? ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைகிறதா என்று எண்ணுங்கள். கிளினிக் புத்தகத்தில் நிறைக் கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பால் போதும். நீங்கள் அந்தக் கிணற்றுத் தண்ணீரையே குடித்தாலும் தாய்ப்பாலில் நைத்திரேற்று பெரிதாக ஏறாது. ஒவ்வொரு முறையும் முதலில் நெஞ்சில் போடுங்கள், புட்டியைப் பிறகு பார்க்கலாம். மிட்வைப் வரும்போது அவரைப் பக்கத்தில் இருத்திப் பால் கொடுத்துக் காட்டுங்கள். பிள்ளை வாய் வைக்கும் விதம் பிழையென்றால் அப்போதே திருத்திவிடுவார். மாமியையும் அந்த நேரம் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருமகள் சொன்னால் கேட்காதவர் யூனிபோர்ம் சொன்னால் கேட்பார்.

கேள்வி: ஏழு மாதக் கர்ப்பிணி. லண்டனில் அக்காவுக்குப் பிள்ளைப்பேற்றின்போது சிரிப்பு வாயு கொடுத்தார்களாம். பிள்ளைக்குக் கெடுதல் இல்லையா? (உப்புவெளி வாசகி)

பதில்: அது நைத்திரசு ஒட்சைட்டு. 1772 இல் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். 1799 இல் ஹம்ப்ரி டேவி தானே இழுத்துப் பார்த்துச் சிரித்தார். பிரசவ அறையில் கொடுப்பது அதில் பாதி, ஒட்சிசன் பாதி. முகமூடியைத் தாயே கையில் பிடித்திருக்க வேண்டும், வேறு யாரும் பிடிக்கக் கூடாது. மயக்கம் வந்தால் கை தானாகக் கீழே விழுந்துவிடும், அதுதான் பாதுகாப்பு. நோ உச்சத்துக்கு வந்தபின் இழுத்தால் பிந்திவிடும். வயிறு இறுகத் தொடங்கும்போதே இழுக்க வேண்டும், வாயு வேலை செய்ய அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். நோவை முழுக்க எடுக்காது. தலைசுற்றும், சிலருக்குச் சத்தி வரும். விட்டால் சில நிமிடத்தில் மூச்சோடு வெளியே போய்விடும். பிள்ளையிலிருந்தும் அப்படித்தான், ஆகவே பயப்பட வேண்டாம். பி12 விற்றமினை அது செயலிழக்கச் செய்யும் என்பதால், நீங்கள் சைவச் சாப்பாட்டுக்காரர் என்றால் வைத்தியரிடம் சொல்லிவையுங்கள். (கடுங்குளிரில், பூச்சியத்துக்குக் கீழே ஆறேழு பாகைக்குப் போனால், சிலிண்டருக்குள் இரண்டு வாயுவும் பிரிந்துவிடும். திருகோணமலையில் அந்தக் கவலை இல்லை.) நீங்கள் போகும் ஆஸ்பத்திரியில் என்னென்ன வசதி உண்டென்று அடுத்த கிளினிக்கிலேயே கேளுங்கள். யாரைத் துணைக்கு உள்ளே விடுவார்கள் என்றும் கேளுங்கள். கையைப் பிடிக்க அம்மாவோ அக்காவோ இருந்தால் அதுவும் நோவுக்கு மருந்துதான்.

கேள்வி: பிள்ளை பிறந்து இரண்டு மாதம். மலம் போகும்போது வெடித்து இரத்தம், உயிர் போகும் நோ. வைத்தியர் தந்த களிம்பைப் பார்த்துவிட்டு பார்மசித் தம்பி, "இது நெஞ்சுவருத்தக்காரரின் மருந்தெல்லோ" என்றார். பூசப் பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம், மூதூர்)

பதில்: வெட்கப்படாமல் கேட்டதற்கு நன்றி. அரைவாசித் தாய்மார் இதை யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். தம்பி சொன்னது சரி. தாத்தாமார் நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையும் இதுவும் ஒன்றுதான்: நைத்திரோகிளிசரின். உடம்புக்குள் அது நைத்திரிக் ஒட்சைட்டைத் தரும். அது இறுகிய தசையைத் தளர்த்தும், இரத்தம் ஓடும், வெடிப்பு ஆறும். இதே பொருளை வைத்து டைனமைட் செய்த நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதை மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் துலக்கியவர்களுக்கு 1998 இல் அவர் பெயரிலேயே பரிசு.

தலையிடி வரலாம். வெடிமருந்துத் தொழிற்சாலைக்காரருக்கு விடுமுறை முடிந்து வரும் திங்கட்கிழமைகளில் வந்த அதே தலையிடி. படுத்துக்கொண்டு பூசுங்கள், உடனே எழும்பாதீர்கள், பிள்ளையைத் தூக்குமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பால் கொடுப்பதை வைத்தியரிடம் சொன்னீர்களா? இல்லையென்றால் பூசமுன் ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிடுங்கள். அப்புறம், பத்தியம் என்று தண்ணீரையும் கீரையையும் யாராவது நிறுத்தி வைத்திருக்கிறார்களா? மலம் இளகச் சரக்குக் கறியோடு கீரையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் இருக்கட்டும்.