மருத்துவம் படிக்காமல் இதய நோய் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

மூலக்கூறு உயிரியல் படித்து இதயத் தசை நோய்களை ஆராயப் போகிறேன் என்று உங்கள் மகள் சொல்கிறாள். டாக்டர் ஆகாமல் அந்தத் துறையில் என்ன செய்துவிட முடியும் என்பது உங்கள் கவலை. நிறையவே செய்ய முடியும். ஆனால் எது யாருடைய வேலை என்று தெரிந்துகொண்டு இறங்கட்டும்.

இந்த ஆராய்ச்சிக்கு இதயத் திசு வேண்டும். சோதனைக்காக அதிலிருந்து சிறு துணுக்கை எடுப்பதுதான் பயாப்ஸி. அதை எடுப்பது இதய மருத்துவர். கழுத்திலோ தொடையிலோ உள்ள சிரை வழியாக மெல்லிய கருவியை இதயத்துக்குள் செலுத்தி, ஓரிரு மில்லிமீட்டர் துணுக்குகளைக் கிள்ளி எடுப்பார். 1962-இல் ஜப்பானில் சகாகிபாராவும் கொன்னோவும் இதற்கான கருவியை உருவாக்கினார்கள். இதயச் சுவரில் துளை விழும் அபாயம் சிறிதளவு உண்டு. அதனால் ஆராய்ச்சிக்கு மட்டும் என்று லேசில் எடுக்க மாட்டார்கள். நோயைக் கண்டறிய எடுத்ததில் ஒரு பகுதிதான், நோயாளியின் சம்மதத்தோடு, ஆய்வகத்துக்கு வரும்.

உங்கள் மகளின் வேலை அங்கே தொடங்குகிறது. நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய துணுக்கு, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்துக்குப் போகும். ஆர்.என்.ஏ. (எந்தெந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று காட்டும் மூலக்கூறு) படிக்க வேண்டியதை உடனே திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள். தாமதித்தால் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும்; அப்புறம் வரும் முடிவை நம்ப முடியாது.

உறுப்புகளில் தவறாக மடிந்த புரதம் படியும் அமிலாய்டு நோயைப் பாருங்கள். இதயத்தில் புரதம் படிந்திருப்பதை காங்கோ ரெட் சாயம் காட்டிவிடும். அது எந்தப் புரதம் என்பதுதான் பெரிய கேள்வி. ஆன்டிபாடியின் (நோய் எதிர்ப்புப் புரதத்தின்) ஒரு பகுதியான லைட் செயின் என்றால், அதைச் சுரக்கும் செல்களை அழிக்கும் சிகிச்சை. பெரும்பாலும் கல்லீரல் உருவாக்கும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் என்றால் முற்றிலும் வேறு மருந்து. மூலக்கூறுகளின் எடையை அளந்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி அதைப் பிரித்துச் சொல்கிறது. அந்தக் கருவியின் முன் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் சிகிச்சையின் திசை அந்த முடிவைப் பொறுத்தே அமைகிறது. இதை இரண்டாந்தர வேலை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

சிக்கல்களும் உண்டு. நோய் திட்டுத் திட்டாக இருக்கும். எடுத்த துணுக்கு சுத்தமாக இருப்பதால் இதயமே சுத்தம் என்றாகாது. ஒப்பிட ஆரோக்கியமான இதயத் திசு கிடைப்பதும் அரிது. மாற்று அறுவைக்குப் பயன்படாமல் போன கொடை இதயங்களை நம்ப வேண்டியிருக்கிறது. குறைந்த மாதிரிகளை வைத்துத் தவறில்லாமல் முடிவெடுக்கப் புள்ளியியல் வேண்டும். எனவே உயிரியலோடு புள்ளியியலையும், ஆர் அல்லது பைத்தான் நிரலாக்கத்தையும் இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், இன்னொரு சான்றிதழை விட இதுவே பெரிதாகக் கைகொடுக்கும்.

வருமானம் தாமதமாகத்தான் வரும். முனைவர் பட்டத்துக்குப் பொதுவாக 4 முதல் 6 ஆண்டுகள் ஆகும், அதன் பிறகும் சில காலம் ஒப்பந்தப் பணிகள்தான். மருந்து நிறுவனங்களின் பயோமார்க்கர் (நோயைக் காட்டும் உயிரியல் அடையாளம்) பிரிவு, மருத்துவமனை ஆய்வகம், மருந்துப் பரிசோதனைப் பணிகள் ஆகியவையும் வழிகள்தாம்.

ஆய்வகத்தில் சேரும் முன் அவள் கேட்க வேண்டியவை: திசு எங்கிருந்து வருகிறது? நெறிமுறைக் குழு அனுமதி கையில் இருக்கிறதா? ஆய்வகக் குழுவில், திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் நோய்க்குறியியல் மருத்துவர் இருக்கிறாரா? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில், திசுவுக்காகக் காத்திருந்தே ஆண்டுகள் போய்விடும். வேறு ஆய்வகம் பார்க்கட்டும்.