பொறிவண்டு என்று விட்டுவைத்த வண்டு

கேள்வி: நாற்பது சென்ட்டில் கத்தரி நட்டிருக்கிறேன். இலைகள் சல்லடையாகிவிட்டன. செம்பழுப்பில் கரும்புள்ளி உள்ள வண்டுகள் தெரிகின்றன. பொறிவண்டு நன்மை செய்யும் பூச்சி, மருந்தடிக்காதே என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். இலை தின்னும் வண்டின் அறிவியல் பெயர் ஒரு கையேட்டில் எபிலாக்னா, இன்னொன்றில் ஹெனோசெபிலாக்னா என்றிருக்கிறது. இரண்டும் வேறா?

பதில்: பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னது பொதுவாகச் சரி, உங்கள் கத்தரிக்குப் பொருந்தாது. பொறிவண்டுக் குடும்பத்தில் பெரும்பாலானவை அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்பவை. இலை தின்னும் கிளை ஒன்றும் அதில் உண்டு. உங்களிடம் இருப்பது அதுதான்.

பெயர்க் குழப்பத்துக்குக் காரணம் இது. 1775இல் டென்மார்க் பூச்சியியலாளர் பெப்ரீசியஸ் இதைக் காக்சினெல்லா என்ற பேரினத்தில் வைத்தார். பின்பு எபிலாக்னாவில் சேர்த்தார்கள். 1961இல் ஹெனோசெபிலாக்னா தனிப் பேரினமானது. கால் நகத்தின் அடியில் ஒரு பல், பெண் வண்டின் வயிற்றுக் கடைசித் தகடு நடுவில் பிளந்திருப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். பழைய கையேடுகளில் பழைய பெயரே நிற்கிறது; வண்டு ஒன்றுதான்.

தோட்டத்தில் புள்ளியை எண்ணாதீர்கள். இதன் அறிவியல் பெயரின் பிற்பகுதிக்கு இருபத்தெட்டுப் புள்ளி என்று பொருள் இருந்தாலும், ஒரே வயலில் பன்னிரண்டு புள்ளி உள்ளவையும் கிடைக்கும். வண்டை வெயிலில் திருப்பிப் பாருங்கள். நன்மை செய்யும் ஆறுபுள்ளிப் பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் மின்னும். வளைந்து நெளியும் கருங்கோடுகள் இருக்கும். கத்தரி வண்டு மங்கலாக இருக்கும். கைலென்ஸில் பார்த்தால் முதுகு முழுவதும் மெல்லிய பூனைமயிர் தெரியும்.

புழுவைப் பார்த்தால் ஐயமே வராது. மஞ்சள் நிறம், உடம்பெங்கும் கிளைவிட்ட முட்கள், நகராமல் இலையின் பச்சையத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தால் பகை. கருஞ்சாம்பல் நிறம், நீண்ட கால்கள், குட்டி முதலைபோல் ஓடி அசுவினியைத் தேடினால் அதைத் தொடாதீர்கள். முட்டையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டுமே மஞ்சள் முட்டைகளைக் குவியலாக நிறுத்தி வைக்கும்.

நாற்பது சென்ட்டுக்குக் கையே போதும். காலையில் செடியை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த நீரில் போடுங்கள். முள்புழு இருக்கும் இலைகளைக் கிள்ளி அழியுங்கள். மிஞ்சினால் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம், அதாவது பத்து லிட்டருக்கு அரைக் கிலோ வேப்பம் பருப்பு, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். வரப்பில் மணத்தக்காளி இருந்தால் அதையும் பாருங்கள்; வண்டு அங்கேயும் பெருகும்.

பழுப்பாக விறைத்து இலையில் ஒட்டிக்கிடக்கும் புழுக்களை மட்டும் கிள்ளாதீர்கள். அவற்றுக்குள் பீடியோபியஸ் என்ற சிறு குளவி வளர்கிறது. நம் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு, அங்குள்ள அவரை வண்டை அடக்கக் கொண்டுபோன குளவி அது. உங்கள் தோட்டத்தில் தானாக வந்திருந்தால், வெளியே வரும் வரை அதை விட்டுவையுங்கள்.