கேமரா இருக்கட்டும், முதலில் மைக்

கேள்வி: தென்காசியில் இருக்கிறேன். அப்பா, மகள் இருவர் மட்டும் பேசும் 12 நிமிடக் குறும்படம் எடுக்கப்போகிறேன். பாதி வீட்டுக்குள், பாதி டீக்கடையில். கையில் 50,000 ரூபாய் இருக்கிறது. நண்பர் ஒருவர் பழைய கேனான் 1500டி கேமராவை லென்ஸோடு 25,000-க்குத் தருகிறார். மைக்குக்கு 2,000 ஒதுக்கியிருக்கிறேன். போனிலும் 4கே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்தக் கேமராவை வாங்காதீர்கள். 1500டி-யில் வெளி மைக் செருக ஓட்டையே கிடையாது. வீடியோவும் 1080பி-யோடு நின்றுவிடும், உங்கள் போனின் 4கே அதைவிடத் துல்லியம். பாதிப் பணம் அதில் போய்விட்டால், வசனத்தைப் பதிவுசெய்ய என்ன மிஞ்சும்? இரண்டு பேர் பேசுவதுதான் உங்கள் படமே. போனில் எடுங்கள், பணத்தை ஒலிக்குத் திருப்புங்கள்.

மைக்கின் விலையைவிட, அது வாயிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் அளவுக்குக் குறையும். சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியோ, ஃபேன் இரைச்சலோ குறையாது. கேமராவின் தலையில் மாட்டிய 15,000 ரூபாய் மைக்கைவிட சட்டைக்குள் ஒட்டிய 1,000 ரூபாய் காலர் மைக் தெளிவாகக் கேட்பது இதனால்தான்.

ஆகவே முதலில் இரண்டு காலர் மைக். போயா எம்1 போன்ற ஒயர் மைக்கே போதும், ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். வீட்டில் தூங்கும் இரண்டு பழைய போன்களில் செருகி, ஏரோப்ளேன் மோடில் போட்டு, நடிகர்களின் இடுப்பில் செருகிவிடுங்கள். மைக் ஒயரில் இருக்கும் சுவிட்ச் போன் பக்கம் இருக்க வேண்டும். கேமரா பக்கம் தள்ளினால் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி கரையத் தொடங்கும். மருந்துக் கடையில் விற்கும் பேப்பர் டேப்பால் மைக்கை ஒட்டுங்கள். அப்புறம், அப்பாவுக்குப் பருத்திச் சட்டை, மகளுக்குப் பருத்திச் சுடிதார். பாலியஸ்டரும் பட்டும் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும், அதை எடிட்டிங்கில் எடுக்க முடியாது.

அடுத்தது, 32 பிட் ஃப்ளோட்டில் பதிவுசெய்யும் சின்ன ரெக்கார்டர் ஒன்று. ஜூம் எச்1 எசென்ஷியல் இந்த வகை. மகள் கிசுகிசுத்தாலும் அப்பா கத்தினாலும் லெவலை முன்கூட்டி வைக்க வேண்டியதில்லை, பிறகு ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். தனியாக ஒரு சவுண்ட் ஆள் இல்லாத யூனிட்டுக்கு இதைவிட நல்ல முதலீடு இல்லை என்பேன். பெயின்ட் அடிக்கும் நீளக் கம்பின் நுனியில் அதை இறுக்கிக் கட்டி, நடிகரின் தலைக்கு ஒன்றரை, இரண்டு அடி மேலே, ஃபிரேமுக்குச் சற்று வெளியே பிடியுங்கள். குளோசப்புக்கு இது, தள்ளி நின்று எடுக்கும் ஷாட்டுக்குக் காலர் மைக். காற்றுச் சத்தத்தைத் தடுக்க ரெக்கார்டரின் மைக்குக்கு மாட்டும் ரோமத் தொப்பி ஒன்று மறக்காமல் வாங்குங்கள். ஒவ்வொரு டேக்கிலும் கேமரா முன்னால் ஒரு கைதட்டு. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே ஒலி அலையை வைத்துப் படத்தையும் ஒலியையும் சேர்த்துவிடும், ஆனாலும் அது சறுக்கும்போது கைதட்டுதான் காப்பாற்றும்.

டீக்கடைதான் சிக்கல். பாய்லர், பஸ், பாட்டு. நம் சினிமா பல பத்தாண்டுகள் டப்பிங்கிலேயே ஓடியது, நீங்களும் கூச்சப்பட வேண்டாம். ஷாட் முடிந்த கையோடு, நடிகர்களைக் கடைக்குப் பின்னால் அமைதியான இடத்துக்குக் கூட்டிப்போய், அதே வேகத்தில் மூன்று முறை வசனம் பேசவைத்துப் பதிவுசெய்யுங்கள். பத்து நாள் கழித்து அதே மூச்சும் அலுப்பும் திரும்ப வராது. அந்த வசனத்துக்கு அடியில் போட, கடையின் வெறும் சத்தத்தையும் ஒரு நிமிடம் தனியாக எடுத்து வையுங்கள்.

சரி, படம். பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம். உங்கள் மாடலில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் ஷாட் நடுவில் தானாக மாறாதபடி பூட்டிவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வைத்தால் டியூப்லைட்டில் பட்டை பட்டையாக ஓடாது. வெளியில் அதே ஷட்டரில் வெயில் வெளுத்துவிடும், பெரும்பாலான போன்களில் அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையை, குறைக்க முடியாதே. அதற்கு என்டி ஃபில்டர் (லென்ஸ் முன்னால் மாட்டும், வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) ஒன்று, இல்லையென்றால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் அதை முகத்துக்குத் திருப்ப ஒரு தெர்மோகோல் அட்டையும் வீட்டுக் காட்சிகளுக்குப் போதும். எல்லாம் போக மிச்சமிருக்கும் பணத்தில் ஒரு ட்ரைபாட், ஒருநாள் வாடகைக்கு எல்இடி விளக்கு, பிறகு சாப்பாடு. சாப்பாட்டுக் கணக்கைக் குறைத்துப் போடாதீர்கள்.

வீட்டுக் காட்சிக்கு முன் எதிர்ச் சுவரில் ஜமுக்காளமோ போர்வையோ தொங்கவிடுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜையும்தான். ஒருமுறை ஃபிரிட்ஜ் ஓடுவதைக் கவனிக்காமல் முழுநாள் எடுத்துவிட்டு, எல்லா வசனத்தையும் திரும்பப் பேசவைத்தேன். அடுத்த படத்தில் நிறுத்தினேன், திரும்பப் போட மறந்துவிட்டேன். மறுநாள் அந்த வீட்டம்மா திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. இப்போதெல்லாம் ஸ்விட்சை அணைத்ததும் பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறேன்.