கல்லை உடைக்கிறார்கள் சரி, வெளியே அனுப்புவது யார்?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆனதும் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு தோள்பட்டை வரை வலி ஏறுகிறது. மூன்று மாதத்தில் நான்கு தடவை. ஸ்கேனில் பித்தப்பைக்குள் மூன்று கற்கள், பெரியது 14 மி.மீ. பித்தப்பையையே எடுத்துவிட வேண்டும் என்கிறார் சர்ஜன். அம்மாவுக்குக் கத்தி என்றாலே நடுக்கம். இந்த நேரத்தில்தான் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது: கத்தி இல்லை, தையல் இல்லை, அதிர்வலையால் பித்தப்பைக் கல் நீக்கம், அன்றே வீடு திரும்பலாம். போன் செய்தால் பேக்கேஜ் என்று ஒரு தொகை சொல்கிறார்கள். இந்த வாரம் முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம். என் சித்தப்பாவுக்குக் கிட்னி கல்லை இப்படித்தான் உடைத்தார்கள், மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். கட்டலாமா? விளம்பரத் தாளை இணைத்திருக்கிறேன்.

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய தாளை இரண்டு தடவை படித்தேன். தலைப்பில் கொட்டை எழுத்தில் ‘கல் நீக்கம்’. கீழே பேக்கேஜில் என்னென்ன அடங்கும் என்ற கட்டத்தில் பொடி எழுத்தில் ‘கல் சிதைக்கும் அமர்வு: 1’. நீக்கம் என்ற சொல் அந்தக் கட்டத்துக்குள் ஓரிடத்திலும் இல்லை. விளம்பரதாரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அதிர்வலையால், அதாவது உடம்புக்கு வெளியிலிருந்து செலுத்தும் அழுத்த அலையால், பித்தப்பைக் கல்லை உடைக்க முடியும், உடைத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் அம்மாவுக்கு வேண்டியது உடைந்த கல் அல்ல, கல் இல்லாத பித்தப்பை. இரண்டுக்கும் நடுவில் உள்ள வேலைக்கு அந்தத் தாளில் விலை போடவில்லை.

சித்தப்பா கதையில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். கிட்னியில் கல் பொடிந்தால், பின்னாலேயே சிறுநீர் ஊறி வந்து பொடியைத் தள்ளிக்கொண்டு போகும். தண்ணீரை நிறையக் குடித்தால் ஓட்டம் இன்னும் கூடும். பித்தப்பை அப்படியில்லை. அது கழுத்து குறுகிய ஒரு புட்டி. கழுத்திலிருந்து புறப்படும் குழாய் சில மில்லிமீட்டர் அகலம்தான், உள்ளே திருகு போல மடிப்பு வேறு. புட்டிக்குள் கூழாங்கல்லை உடைத்தாயிற்று என்று வையுங்கள். புட்டியைக் கவிழ்த்துத் தட்ட முடியாது. சாப்பிடும்போதெல்லாம் பை தானாகச் சுருங்கி, சில்லுகளை அந்தத் திருகு வழியே கொஞ்சம் கொஞ்சமாகத் துப்ப வேண்டும். அப்புறம் அவை பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தைக் கடந்து, கணையக் குழாயும் வந்து சேரும் வாசல் வழியாகக் குடலுக்குள் விழ வேண்டும். வழியில் ஒரு சில்லு சிக்கினால் பழைய வலியே திரும்ப வரும், இல்லையென்றால் மஞ்சள் காமாலை. வாசலில் சிக்கினால் கணையம் வீங்கும். சிகிச்சைக்குப் பிறகு ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வலி வந்தது. கணைய அழற்சி 100 பேரில் ஓரிருவருக்கு.

அதனால் உடைப்பதோடு விஷயம் முடிவதில்லை. சில்லுகளைக் கரைக்க அர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம், மாதக்கணக்கில். இந்த மருத்துவம் பிறந்த மியூனிக் நகரத்து மருத்துவர்கள் தங்கள் முதல் 175 நோயாளிகளின் கணக்கை 1988இல் வெளியிட்டார்கள். பொறுக்கி எடுத்த நோயாளிகள், கூடவே மாத்திரை. அப்படியும் இரண்டு மாதத்துக்குள் பித்தப்பை சுத்தமானது 30 சதவீதம் பேருக்குத்தான். 91 சதவீதத்தைத் தொட ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு ஆயிற்று. ‘அன்றே வீடு திரும்பலாம்’ என்பது உண்மைதான், கற்களும் கூடவே வீடு திரும்பும்.

பொறுக்கி எடுத்த நோயாளிகள் என்றேனே, அந்த வடிகட்டியையும் பாருங்கள். ஒரே கல், 20 மி.மீ.க்குள் இருந்தால் முதல் தரம். மூன்று கல் வரை ஏற்றுக்கொண்டார்கள், அதற்கு மேல் இல்லை. கல் கொலஸ்ட்ராலால் ஆனதாக இருக்க வேண்டும், கால்சியம் படிந்த கல் மாத்திரைக்குக் கரையாது. பை நன்றாகச் சுருங்க வேண்டும், குழாய் திறந்திருக்க வேண்டும், காய்ச்சலோ கிருமித் தொற்றோ இருக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் ரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களுக்கும் கிடையாது. இத்தனையிலும் தேறுகிறவர் ஐந்தில் ஒருவர் இருந்தாலே அதிகம். உங்கள் அம்மாவுக்கு மூன்று கல், கடைசிப் படியில் நிற்கிறார். போனில் தொகையைச் சொன்னவர் கல் எத்தனை என்றாவது கேட்டாரா? ஸ்கேனைப் பார்க்காமலே விலை சொல்லிவிட்டார் என்றால், அவர் விற்பது மருத்துவத்தை அல்ல, இயந்திர நேரத்தை.

இவ்வளவு தாண்டி வந்தாலும் பித்தப்பை அங்கேயேதான் இருக்கிறது. கல்லை உண்டாக்கிய பித்தம் அதே பித்தம். ஐந்து வருடத்துக்குள் மூன்றில் ஒருவருக்காவது, சில கணக்குகளில் பாதிப் பேருக்கு, கல் மறுபடி வந்திருக்கிறது. ஒற்றைக் கல்காரர்களுக்குக் கொஞ்சம் குறைவு. முதன்முதலில் பித்தப்பையை அறுத்து எடுத்தவர் பெர்லினில் லாங்கன்பூக் என்ற சர்ஜன், 1882இல். பையை எடுப்பது அதில் கல் இருப்பதற்காக அல்ல, அது கல்லை உண்டாக்குகிறது என்பதற்காக என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். சர்ஜன்கள் இன்னும் அதையேதான் சொல்கிறார்கள்.

இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும் ஒரு விஷயம். அதிர்வலையால் மனிதருக்குக் கிட்னி கல்லை முதன்முதலில் உடைத்தது 1980இல், மியூனிக்கில். விமானம் செய்துவந்த டோர்னியர் நிறுவனத்தின் ஆராய்ச்சியில் முளைத்த இயந்திரம் அது. அதே ஊரில் 1985இல் பித்தப்பைக் கல்லிலும் முயன்றார்கள். அதே 1985இல், அதே ஜெர்மனியில், பாப்ளிங்கன் என்ற ஊரில் எரிக் மூஹே என்ற சர்ஜன் சிறு துளை போட்டுப் பித்தப்பையை எடுத்தார். பிறக்கும்போதே போட்டியும் கூடப் பிறந்துவிட்டது. துளைச் சிகிச்சை சில வருடங்களில் உலகம் முழுக்கப் பரவியது, பித்தப்பைக்கான அதிர்வலை ஓரமாக ஒதுங்கியது. யாரோ சதி செய்து அமுக்கிவிட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படியெல்லாம் இல்லை, கணக்கு கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

முழுக்க ஒழிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. கணையக் குழாயில் அடைத்த கல்லுக்கும், பொதுப் பித்தநாளத்தில் எண்டோஸ்கோப்பால் (வாய் வழியே விடும் கேமராக் குழாய்) எடுக்க முடியாத பெரிய கல்லுக்கும் அதிர்வலை இன்றும் உதவுகிறது. ‘ஆயிரக்கணக்கான வெற்றிகள்’ என்று போட்டிருந்தால், அவை எந்தக் கல் என்று கேளுங்கள். கிட்னி கற்களையும் ஒரே கணக்கில் சேர்த்திருக்கலாம்.

பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம்: சர்ஜனும் மயக்க மருந்து மருத்துவரும் பார்த்துவிட்டு, இருதயமோ நுரையீரலோ தாங்காது, அறுவை வேண்டாம் என்கிறார்கள். அப்போது இந்த வழியைப் பற்றிப் பேசுவதில் நியாயம் உண்டு. பேசப் போகும்போது இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: ஒரு அமர்வில் உடையாவிட்டால் அடுத்ததற்குத் தனிப் பணமா, மாத்திரையும் இடைப்பட்ட ஸ்கேன்களும் யார் செலவு, சில்லு நாளத்தில் சிக்கினால் அவசரமாக எண்டோஸ்கோப் வைத்து எடுக்க அங்கேயே வசதி இருக்கிறதா, அதற்கு யார் பணம் கொடுப்பது. கடைசியாக, வெற்றி என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பது. சில்லு சிறிதாகிவிட்டது என்பது அவர்களுக்கு வெற்றியாக இருக்கலாம். காப்பீடு இருந்தால் முன்பணத்துக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

அறுவையையும் நான் பூசி மெழுகப் போவதில்லை. முழு மயக்கம் வேண்டும். பித்தநாளத்தில் காயம் படும் ஆபத்து உண்டு, ஆயிரம் பேரில் மூன்று நான்கு பேருக்கு என்ற அளவில். பை போன பிறகு சிலருக்குக் கொஞ்ச காலம் வயிறு இளகும். ஆனால் பை இல்லாமல் நன்றாகவே வாழலாம். பித்தத்தைச் சுரப்பது கல்லீரல், பை அதைச் சேர்த்து வைக்கும் இடம் மட்டுமே. உங்கள் சர்ஜனிடம் அம்மாவை ஒருமுறை கூட்டிப் போய், வயிற்றில் எங்கெங்கே துளை, எத்தனை சிறிது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பயம் பாதி அங்கேயே இறங்கிவிடும். தள்ளுபடி போனால் போகட்டும். அதற்குள் வலியோடு காய்ச்சல் அடித்தாலோ கண் மஞ்சளானாலோ அன்றைக்கே மருத்துவமனை, காத்திருக்கக் கூடாது.

கேள்வி: வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் 8 மி.மீ. கல் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு வலியே கிடையாது. வலி வருவதற்கு முன்பே உடைத்துவிட்டால் நல்லதுதானே?

பதில்: வேண்டாம். சும்மா கிடக்கும் கல் வருடத்துக்கு நூற்றில் ஓரிருவருக்குத்தான் தொல்லை தருகிறது, பெரும்பாலோருக்குக் கடைசிவரை தருவதே இல்லை. முழுசாகக் கிடக்கும் ஒரு கல்லைக் காசு கொடுத்து, நாளத்தில் சிக்கக்கூடிய இருபது சில்லுகளாக்கிக்கொள்வானேன்? ஸ்கேன் அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். பையின் சுவர் தடித்திருப்பதாகவோ வேறு ஏதாவதோ அதில் எழுதியிருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ‘பித்தப்பைச் சுத்திகரிப்பு’ என்று ஒரு கிட் வாங்கினேன். ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, எப்சம் உப்பு. காலையில் மலத்தில் பச்சைப் பச்சையாக முப்பது நாற்பது உருண்டைகள் வந்தன. இரண்டாவது கிட்டும் வாங்கினால் மிச்சமும் வந்துவிடும் என்கிறார் விற்றவர்.

பதில்: இரண்டாவது கிட் வாங்கினால் இன்னொரு நாற்பது வரும். கல்லே இல்லாதவர் குடித்தாலும் வரலாம், ஏனென்றால் அவை கல் அல்ல, நீங்கள் குடித்த எண்ணெய் உள்ளே சோப்பாகத் திரண்ட கட்டிகள். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் இப்படி ஒருவர் கொண்டுவந்த பச்சை உருண்டைகளைச் சோதித்து எழுதியிருந்தார்கள். கொலஸ்ட்ரால் இல்லை, பித்தத்தின் நிறமியான பிலிருபின் இல்லை, கால்சியம் இல்லை, முக்கால் பங்கு கொழுப்பமிலம். 40 டிகிரி சூட்டில் பத்து நிமிடத்தில் உருகிவிட்டன. எண்ணெயிலுள்ள அமிலத்தையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து, அமிலத்துக்கு எதிரான காரப்பொருள் (ஆல்கலி) கொஞ்சம் சேர்த்தபோது ஆய்வுக்கூடத்திலேயே அதே மாதிரி உருண்டைகள் திரண்டன.

உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள், பழைய கல் பழைய இடத்திலேயே இருக்கும். அந்த ஸ்கேனுக்கு ஆகும் பணத்தை விற்றவரிடமே கேட்கலாம், கொடுக்க மாட்டார். உண்மையில் கல் உள்ளவர் இவ்வளவு எண்ணெயை ஒரே மூச்சில் குடித்தால் பை பலமாகச் சுருங்கி, கல்லைக் கழுத்தில் கொண்டுபோய் அடைக்கவும் கூடும். மீதி இருக்கும் எண்ணெயைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.