ஜாவாவில் குறியாக்கம்: வெளி லைப்ரரி தேவையா?

கேள்வி: ஜாவா 17-இல் வாடிக்கையாளர் விவரங்களைச் சேமிக்கும் மென்பொருள் எழுதுகிறோம். விவரங்களைக் குறியாக்கம் செய்ய வேண்டும், கடவுச்சொற்களையும் காக்க வேண்டும். பவுன்சி காசில் என்ற வெளிக் குறியாக்க லைப்ரரியைச் சேர்க்கச் சொல்கிறார் சக ஊழியர். ஜாவாவோடு வருவது போதாதா?

பதில்: விவரங்களுக்குப் போதும். கடவுச்சொல்லுக்கு மட்டும் வெளி லைப்ரரியைப் பரிசீலிக்கலாம்.

ஜாவாவின் குறியாக்கம் பலவீனமானது என்ற பேச்சு பழைய காலத்தது. அப்போது ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறையின் சாவி இயல்பாக 128 பிட்டைத் தாண்ட முடியாது. ஜாவா 9-இலேயே அந்தத் தடை நீங்கிவிட்டது. தரவை மறைப்பதோடு, யாராவது அதை மாற்றினாலும் காட்டிக்கொடுக்கும் ஏ.இ.எஸ்.-ஜி.சி.எம். முறை உங்கள் பதிப்பிலேயே இருக்கிறது.

எது பாதுகாப்பானது என்று கேட்டால், இரண்டுமே சறுக்கியவைதான். ஜாவா 15 முதல் 18 வரை, இ.சி.டி.எஸ்.ஏ. என்ற டிஜிட்டல் கையொப்பத்தின் இரு எண்களும் பூஜ்யமாக இருந்தாலும் அதைச் செல்லும் என்று ஏற்றது. 2022 ஏப்ரலில்தான் திருத்தினார்கள். உங்களுடையது 17.0.3-க்கு முந்தையதானால் இன்றே மாற்றுங்கள். பவுன்சி காசிலின் 1.65, 1.66 பதிப்புகளில், கடவுச்சொல்லைக் காக்கும் பிகிரிப்ட் முறையின் ஒப்பீடு பிழையானது. தவறான கடவுச்சொல்லும் உள்ளே நுழைய வழி இருந்தது. ஆகவே நான் பார்ப்பது, திருத்தம் வெளியானதும் அதை யார் நிறுவுவார் என்பதை. ஜாவாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தம் வருகிறது. சர்வரைப் பராமரிப்பவர் பொதுவாக அதைக் கவனிப்பார். நீங்கள் சேர்த்த லைப்ரரியை நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து நிரலில் இருக்கிறது. ஜாவாவிடம் வெறுமனே 'ஏ.இ.எஸ்.' என்று கேட்டால் தரவைத் துண்டு துண்டாகத் தனித்தனியே மறைக்கும் இ.சி.பி. முறையைத் தந்துவிடும். அதில் ஒரே மாதிரியான 16 பைட்டுகள் எப்போதும் ஒரே மாதிரியான மறைகுறிகளாகின்றன. யார் யாருக்கு ஒரே விவரம் என்பது சாவி இல்லாமலே தெரிந்துவிடும். ஜி.சி.எம். என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் 12 பைட் நான்ஸை (ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் மதிப்பை) புதிதாக உருவாக்குங்கள். ஒரே சாவியோடு அது மீண்டும் வந்தால் ஜி.சி.எம்.-இன் பாதுகாப்பே உடைந்துவிடும்.

கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாத வடிவில் மாற்றிச் சேமிக்க இன்று நான் விரும்பும் முறை ஆர்கான்2. அது ஜாவாவில் இல்லை, பவுன்சி காசிலில் இருக்கிறது. சேர்க்க இது நியாயமான காரணம். சேர்க்க முடியாவிட்டால் அதே வேலைக்கு ஜாவாவின் உள்ளேயே இருக்கும் பி.பி.கே.டி.எஃப்.2 முறையை எஸ்.எச்.ஏ.-256 என்ற ஹாஷ் முறையுடன், 6,00,000 சுற்றுகளுக்குக் குறையாமல் பயன்படுத்துங்கள்.

எதைத் தேர்ந்தாலும் குறியாக்க அழைப்புகள் அனைத்தையும் ஒரே கிளாஸுக்குள் வையுங்கள். சேமிக்கும் ஒவ்வொரு மதிப்போடும் முறையின் பெயரையும் பதியுங்கள். பின்னாளில் முறையை மாற்ற நேர்ந்தால், பழைய தரவைப் படிக்க அதுதான் வழி.